மூன்று கவருக்கான தண்டனை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை. அஞ்சலகத்து மாடி அறையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். அறையில் ஒரே மின்விசிறி, அதுவும் விசாரணை அதிகாரி பக்கம்.

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குப் பத்தொன்பது வருடமாகத் தபால் கொண்டுவந்தவர் மீது துறை விசாரணை. கார்த்திகை தீபத்துக்குக் கோயிலில் நெய் வாங்கிக் கொடுக்கச் சொல்லி, ஓசூரிலிருந்து என் தங்கை சாதாரணக் கவரில் ஐந்நூறு ரூபாய் வைத்து அனுப்பினாள். அது வரவில்லை. வேறு பலரும் புகார் கொடுத்ததால், அதிகாரிகள் எண் குறித்துவைத்த நோட்டோடு ஒரு சோதனைக் கவரை அனுப்பினார்கள். தபால்காரர் மாட்டிக்கொண்டார். அதற்கு முன் மூன்று கவர்களைப் பிரித்ததாக அன்றே ஒப்புக்கொண்டார்.

குற்றப்பத்திரிகையிலோ முந்தைய வருடம் காணாமல் போன பதினொரு தபால்களும் ஏறியிருந்தன. அத்தனையும் நிரூபணமானால் டிஸ்மிஸ். முப்பத்தொரு வருட சர்வீஸுக்குப் பென்ஷன் கிடையாது. மூன்றோடு நின்றால் கட்டாய ஓய்வு, பென்ஷன் தப்பும்.

துறை விசாரணையில் வக்கீலுக்குப் பதிலாக ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் துணைக்கு வரலாம். தபால்காரருக்குத் துணையாக வந்தது, முன்பு அவருக்கே மேலதிகாரியாக இருந்த போஸ்ட்மாஸ்டர் அம்மா. அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எடுத்த பணத்தை அவரவர் வீட்டுக்கு அவரே போய்த் திருப்பித் தர வேண்டும். ஜனவரியில் இருவரும் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க சார்" என்று தபால்காரர் நோட்டை நீட்டினார்.

இருபுறமும் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். "தீபம் முடிஞ்சு போச்சே. இனிமே நெய்க்கு எங்க போறது?"

"அடுத்த வருஷமும் தீபம் வரும் சார். இவனுக்குத்தான் வேலை வராது" என்றார் அந்த அம்மா.

கேட்டருகே தபால்காரர் அவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "சாதா கவர்ல பணம் வைக்கக் கூடாதுனு ரூல் இருக்குல்ல மேடம்? விசாரணைல சாரை அதைக் கேளுங்களேன்."

"அது அவரோட அசட்டுத்தனம். நீ பண்ணது திருட்டு. அதுக்குப் பின்னால போய் ஒளியாத."

வைத்தது என் தங்கை, நான் அல்ல என்று சொல்வதற்குள் அந்த அம்மா ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

மார்ச் விசாரணையில் அந்த அம்மா என்னிடம் கேட்டது வேறொன்றை. முந்தைய ஜூலையில் சென்னையிலிருந்து எனக்கு வர வேண்டிய மூக்குக்கண்ணாடிப் பார்சலும் அந்தப் பதினொன்றில் இருந்தது. குற்றம் நிரூபணமானால் அதன் விலையைத் தபால்காரரிடம் பிடித்துத் தருவார்கள் என்று வெளியே ஒரு கிளார்க் சொல்லியிருந்தார்.

"அந்த வாரம் உங்க தெருவுக்குத் தபால் கொண்டாந்தது யாரு சார்?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "இவர் இல்லை. லீவுல இருந்தார். தற்காலிகமா ஒருத்தர் வந்தார். எதிர்வீட்டுத் தபாலை நாலு தடவை எங்க வீட்ல போட்டார்."

"நாலுனு எப்படிச் சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

"நாலு தடவையும் நான்தானே படி இறங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார். "அப்போ அந்த ஆள் எடுத்துட்டார்ங்கறீங்களா?"

நானாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவர் சொன்னார்: "தெரியாது சார். தெரியாததை இவன் மேலயும் போட வேணாம், அவன் மேலயும் போட வேணாம்."

மற்ற சாட்சிகளிடமும் இப்படியே நிதானமாகக் கேட்டார். மீதி எட்டும் நிற்கவில்லை. கடைசியில் எழுந்து, "சோதனைக் கவர் போக மூணு கவர் திருடினான். தண்டனையைக் கம்மி பண்ணுங்கனு நான் கேக்கலை. ஜாஸ்தி பண்ணாதீங்கனுதான் கேக்கறேன்" என்றார். பக்கத்தில் தபால்காரர் தலையைத் தூக்கவில்லை.

ஜூன் மாதம் உத்தரவு வந்தது: கட்டாய ஓய்வு, பென்ஷன் உண்டு. மூன்று கவருக்கு வேலை போனது அதிகமா, பென்ஷன் கிடைத்தது அதிகமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஆனால் திருடியவருக்காக ஒரு பொய்கூடச் சொல்லாமல் வாதாடிய ஒருவரை இந்த வயதில்தான் பார்த்தேன்.

பார்சலை எடுத்தது யாரென்று தெரியாததால் அதற்கு எனக்கு எதுவும் வரவில்லை. கண்ணாடியை மறுபடி செய்ய 2,350. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோவை உள்ளே விடாமல் திரும்பி வந்த நாளையும் சேர்த்து, மூன்று முறை போய்வந்த ஆட்டோவுக்கு 720. ஆக மொத்தம் 3,070 ரூபாய்.