சங்கத்தின் தளத்தில் நான் சேர்த்த ஒரு வரி

வடசென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் என் கையெழுத்துள்ள கடிதத்தை எவரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. தென்மாவட்டத்திலிருந்து வந்து இங்கே கடை போட்ட குடும்பங்களில், வணிகவியலில் பட்டம் பெற்ற பின் கல்லாவில் அமர்ந்தவன் நான். துறைமுகத்துக்கும் மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் போகும் கடிதங்களை இரு மொழிகளிலும் நானே எழுதினேன். செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் மனுச் செய்ததில்லை. நடந்தவற்றைச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிடுவது முறை. இப்போது என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை.

சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அதை அமைத்துத் தந்தவர் அத்தொழிலையே விட்டுப் போய்விட்டார். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அறிவிப்புகளை நானே தட்டச்சு செய்து ஏற்றிவந்தேன். ஆனால் தேடுபொறியில் சங்கத்தின் பெயரைத் தட்டினால், எங்களைவிட்டுப் பிரிந்து போன சிலர் நடத்தும் போட்டிச் சங்கத்தின் பக்கமே முதலில் வந்தது. எங்கள் தளத்தைத் தேடுபொறி நிறுவனத்திடம் பதிவு செய்யப் போனபோது, அது எங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அவர்கள் ஒரு வரிக் குறிமுறை, அதாவது கோட், தருவார்கள். அதைத் தளத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இதைச் செயற்குழுவில் தெரிவித்தேன். பொருளாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"அண்ணாச்சிக்கு எதுக்கு இந்த வயசுல இந்தச் சிரமம்? நம்ம மருமவன் சாப்ட்வேர்லதான இருக்காரு. பாஸ்வேர்டை அவருகிட்ட குடுத்திருங்க. மொத்தத்தையும் பாத்துக்கிடுவாரு."

கடவுச்சொல் போனால் அறிவிப்புகள் போகும். அறிவிப்புகள் யார் கையிலோ, சங்கம் அவர் கையில். சங்கத் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. நானே செய்வேன் என்றேன்.

"அடுத்த கூட்டத்துக்குள்ள முடியலேன்னா?"

முடியவில்லையென்றால் கடவுச்சொல்லை ஒப்படைக்கிறேன் என்று அனைவர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன்.

கோணக் குறிகளும் பொருளற்ற எழுத்துகளும் எண்களுமாக அந்த வரி வந்து சேர்ந்தது. எங்கள் சந்தையில் சரக்கு யாருடையது என்பதில் தகராறு கிடையாது. பொது யார்டில் பல கடைகளின் கம்பிக் கட்டுகள் அடுத்தடுத்துக் கிடக்கும். ஒவ்வொரு கட்டின் முனையிலும் கடைக்குரிய நிறத்தில் பெயின்ட் அடித்திருப்போம். லாரிக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருவார். உரிமைக்குறி என்றால் அது கண்ணில் பட வேண்டும். எனவே அந்த வரியை முகப்புப் பக்கத்தில், சங்கத்தின் பெயருக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் இட்டேன். தேடுபொறி நிறுவனத்தின் பக்கத்தில் இருந்த சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். குறிமுறை காணப்படவில்லை என்று பதில் வந்தது. கண்ணெதிரே இருப்பதைக் காணவில்லை என்றார்கள். காலையில் மீண்டும் அழுத்திப் பார்க்கலாமென்று அப்படியே விட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நான் கடை திறப்பதற்குள் பொருளாளர் அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். 'செயலாளர் சங்கத்தின் ரகசியக் குறியீட்டை ஊருக்கே காட்டிவிட்டார். உறுப்பினர்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொள்ளவும்' என்று கீழே எழுதியிருந்தார். வங்கிக் கணக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பொருளாளருக்குத் தெரியும்.

தேநீர்க் கடைக்கு நான் போனதும் பேச்சு நின்றது. திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்த கிரேன் உரிமையாளர் ஒருவர் மட்டும் வாயை மூடவில்லை.

"இன்னா நைனா, கம்பிக்கு அடிக்கிற பெயின்ட்ட வெப்சைட்டுக்கும் அடிச்சுட்டியா? பாக்கவே கலீஜா கீதே!"

"உம்ம கிரேனைப் போய்ப் பாரும்."

"அது நல்லாத்தான் கீது. உன் நாற்காலிதான் ஆடிகினு கீது. பாத்துக் குந்து."

எல்லோரும் சிரித்தார்கள். நேற்றுவரை என்னிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று முற்பகல் தேடுபொறி நிறுவனத்தின் ஆங்கில அறிவுறுத்தலை முதல் வரியிலிருந்து படித்தேன். அந்தக் குறிமுறை பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தைப் படிக்க வரும் இயந்திரத்துக்கு மட்டுமே தெரியும் என்று நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. பெயின்டைப் போல வெளியே தெரிய வேண்டியது அன்று அது. முகப்பிலிருந்து அதை நீக்கினேன். பிறகு தளத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வெளியே லாரியிலிருந்து தகடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த ஓசையில் கைப்பேசி அழைத்தது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். பக்கத்தில் தோன்றாத குறிமுறைகளுக்கென்றே ஒரு கட்டம் கடைசியில் அகப்பட்டது. வரியை அதில் ஒட்டிச் சேமித்தேன். பொத்தானை அழுத்தினேன். உரிமை உறுதி செய்யப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்ல வேண்டியதைத் தேநீர்க் கடையில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

கூட்டத்துக்குப் பொருளாளர் மருமகனை மடிக்கணினியோடு அழைத்து வந்திருந்தார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கு வேற சோலி கிடக்கு."

"முதலில் தளத்தைத் திறந்து பார்க்கட்டும். அதற்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை," என்றேன். என் கைப்பேசியில் இருந்த உறுதிச் செய்தியையும் மேசைமேல் வைத்தேன்.

மருமகன் இரண்டு விசைகளை அழுத்திப் பக்கத்தின் உட்புறத்தைப் பார்த்தார்.

"மாமா, கோட் சரியான இடத்துலதான் இருக்கு. வெரிஃபையும் ஆயிருக்கு. இங்க எனக்கு என்ன வேலை?"

"நல்லாப் பாருங்க மாப்ளே."

"பாத்தாச்சு மாமா."

பொருளாளர் அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். கடவுச்சொல் என்னிடமே இருக்கிறது.

மருமகன்தான் வந்து அந்த வரியைச் சேர்த்தார், செயலாளர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார் என்று சந்தையில் இன்று சொல்கிறார்கள். அது பொய். அவர் அந்தத் தளத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. சேர்த்தவன் நான்.