இன்னொரு கண்ணுக்கான ஊசி

என் மனைவி என் குரலை மட்டும் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டவள். நான் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். அவள் அங்கேயே டெலிபோன் ஆப்பரேட்டர். எந்த வார்டில் விளக்கு எரியாவிட்டாலும் அவள்தான் என்னைக் கூப்பிடுவாள். தனக்குத் தெரியாத வெளிச்சத்துக்காக ஒருத்தி என்னை இப்படி மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் விரட்டுகிறாளே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, எந்த பல்பும் ஃப்யூஸ் ஆகாத நாள் எனக்குச் சப்பென்று இருந்தது.

அவளுக்குப் பரம்பரையாக வந்த கண்கோளாறு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தி நேரத்துப் பார்வை போயிற்று, பிறகு பக்கவாட்டுப் பார்வை போயிற்று, கடைசியில் ஒரு கண் அடியோடு இருண்டுவிட்டது. மற்ற கண்ணில் ஏதோ புகைமூட்டம் மாதிரி வெளிச்சம் மட்டும் தங்கியது. ஆனால் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பது அவளுக்கு மானப் பிரச்சினை. தன் செருப்புச் சத்தம் திரும்பி வருவதை வைத்தே சுவர் எங்கே, தூண் எங்கே என்று சொல்லிவிடுவாள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர், தான் எதிரே வந்தும் இந்தப் பெண் வணக்கம் சொல்வதில்லை என்று புகாரே கொடுத்தார்.

அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

"பாக்கிற மாதிரி அங்க ஒண்ணும் இல்ல. ஏமாந்துடுவ," என்பேன்.

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். அதையும் கண்ணால பாத்து ஏமாறணும்," என்பாள்.

அப்போதுதான் ஒரு சின்ன மருந்துக் கம்பெனி இந்த நோய்க்குப் புது சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியது. பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணுவை, பல் பிடுங்கிய ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி, விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்களாம். முதல் ஊசி மோசமான கண்ணுக்குத்தான். கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை என்று கணக்கு. அது பலித்தால் இன்னொரு கண்ணுக்கு. அந்தக் கண்ணில் உயிருள்ள செல்கள் அதிகம், பார்வை நன்றாக விரியும் என்று கண் டாக்டர் சொன்னார். அந்தச் செல்கள் சாவதற்குள் போட்டாக வேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி இரண்டாவது ஊசிக்குத்தான் காத்திருந்தாள். முதல் ஊசி அவளுக்கு ஒரு வாசற்படி மாதிரி.

ஊசிக்கு முன்னால் ஒரு நடைச் சோதனை வைத்தார்கள். ஓர் அறையில் தரையெல்லாம் அம்புக்குறி, வழியில் நாற்காலி, பெட்டி, நுரைத் தடுப்பு. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், எத்தனை இடத்தில் இடிக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதே நடையை ஊசிக்குப் பிறகும் நடக்கவைத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

"கண்ணுக்குத் தெரியிறத வெச்சு மட்டும் நடங்கம்மா," என்றார் சோதனை நடத்திய நர்ஸ்.

என் மனைவி தலையாட்டினாள். ஆனால் ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால் நாற்காலியில் முட்டிக்கொண்டு நிற்க அவளால் முடியுமா? காதைத் தீட்டிக்கொண்டு, அம்புக்குறி திரும்பும் இடங்களில் நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக்கூடக் கவனித்து, எதையும் தொடாமல் விறுவிறுவென்று நடந்து வெளியே வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நான், தலைகால் புரியாமல் கைதட்டினேன்.

ஊசி பலித்தது. இருண்ட கண்ணில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. மறுபடி அதே அறையில் நடக்கவிட்டபோது அவள் பாதி வழியில் ஒரு நாற்காலி முன்னால் நின்றுவிட்டாள்.

"நீலம்," என்றாள். "நீலமா இருக்கு."

நகரவே இல்லை. அழுதுகொண்டே பார்த்தாள். நர்ஸ் கையிலிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போடுகிற மாதிரி ஒரு விளக்கை மாட்டினேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதன் கீழே போய் உட்காருவேன். அவள் எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். அந்த ஜன்னல் வழியாக என் முகம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது.

"காது இவ்வளவு பெரிசா? அதான் நான் முணுமுணுக்கிறதெல்லாம் கேக்குது."

கண்ணைப் பார்த்தால் வாய் மறைந்துவிடும், வாய்க்கு வந்தால் கண் மறைந்துவிடும். அதனால் என் கண்ணைப் பார்க்கும்போது என் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். "ரெண்டாவது ஊசி போட்டுட்டா இந்த விரலுக்கு வேலை இல்ல. முழுசா பாத்துடுவேன்," என்பாள். எனக்கும் அதே ஏக்கம் தொற்றிக்கொண்டது. தினமும் ஷேவ் செய்ய ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் நர்ஸ் என் செல்போனுக்குக் கூப்பிட்டார். சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. வாங்கியது அவர்களிடம் இருந்த வேறொரு மருந்துக்காக. இந்த நோய்க்கு ஆள் குறைவு, லாபம் வராது. போதாததற்கு நடைச் சோதனையிலும் முன்னைக்கும் பின்னைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே கண் மருந்தைக் கைகழுவிவிட்டார்கள்.

"உங்க வீட்டம்மா மாதிரியே இன்னும் சிலர் முதல் தடவையே நல்லா நடந்துட்டாங்க சார்," என்றார்.

"மருந்து இருக்கா இல்லையா?"

"ஃப்ரீசர்ல இருக்கு சார். போடத்தான் யாருக்கும் அனுமதி இல்ல."

இருக்கிற மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே அவள் கண்ணில் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்விட்ச் பெட்டி மூடி உடைந்தது.

அவளிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். டெலிபோன் ஆப்பரேட்டரிடம் பொய்க்குரல் எடுபடாது. அதனால் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். விளக்கின் கீழ் உட்கார்ந்து, வாயைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நர்ஸ் பேசினாங்க. ரெண்டாவது ஊசிக்கு அடுத்த வருஷம் கூப்பிடுவாங்களாம்."

குரல் சரியாகவே வந்தது. அவள் என் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணையே வெகுநேரம் பார்த்தாள்.

"வாய் சிரிக்குது. கண்ணு ஏன் சிரிக்கல?"

"விளக்கு கூசுது."

"எனக்கே காது குத்துறீங்களா? நிறுத்திட்டாங்களா?"

கண்ணை நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தலையாட்டினேன். விரலிலேயே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடைச் சோதனையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவளேதான் சொன்னாள்.

"ஊசிக்கு முன்னால நடந்தப்பவே அந்த நாற்காலியில நான் இடிச்சிருக்கணும்."

விளக்கை அணைக்க எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இருங்க. இன்னைக்கு நெத்தியிலேருந்து ஆரம்பிக்கிறேன்."