வேலி தின்ற பீபர்

பவேரியாவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவு ஓர் ஓடையோடு முடிந்தது. வளவென்றால் வேலி வேண்டும். ஒரு சாண் எல்லைக்காக ஆயுள் முழுக்க வழக்காடுகிற யாழ்ப்பாணத்துச் சனம் நாங்கள். ஓடைக்கரை வில்லோ மரத்தில் கொப்புகள் வெட்டி, ஊரில் வேலிக்குக் கிளுவங்கதியால் நடுவதுபோல வரிசையாக நட்டேன். எல்லாம் துளிர்த்தன.

ஒருநாள் காலையில் பாதி வேலியைக் காணவில்லை. பென்சில் சீவியதுபோல அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. மரம் அரிந்து தின்னும் பீபர் என்ற விலங்கு ஓடைக்கு வந்திருந்தது. நான் திரும்ப நட்டேன். அது திரும்பத் தின்றது. அந்தத் தட்டை வாலனை மண்வெட்டியால் அடித்தே கொன்றிருப்பேன், சட்டம் விடாது.

“அதுக்கு விருப்பமான மரத்தையே நட்டுப்போட்டு ஏன் கத்துறியள்?” என்றாள் மனைவி.

இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி ஓர் அதிகாரியை வரவழைத்தேன். அவர் ஓடைக்கரையைப் பார்த்தார். நான் முறையிட வாயைத் திறக்குமுன்பே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எல்லோரும் பீபரைத் துரத்தச் சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் அதற்குச் சாப்பாடு நட்டு வளர்க்கிறீர்கள்.”