மயிலத்துக்கு வேண்டிய முடி

மகன் பிறந்த நாலாம் மாதத்தில் எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும், பிறகு தானாக நின்றுவிடும் என்று சொன்னார்கள். எனக்கு நிற்கவில்லை. அவன் தவழ்ந்தான், நடந்தான், என்னைப் பார்த்து முறைக்கவும் கற்றுக்கொண்டான். முடி அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டர். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தேன், வெங்காயச் சாறு தேய்த்தேன். தலை நாறியதே தவிர வேறு பிரயோசனம் இல்லை.

நான் கொஞ்சம் கர்வக்காரி. கல்யாணத்தின்போது என் சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. பெண் பார்க்க வந்த மாமியார் அதைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் தாம்பூலத்துக்குச் சம்மதித்தாள். அந்தச் சடை இப்போது சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. கண்மையை வகிட்டின் இரண்டு பக்கமும் தடவி, தெரிகிற மண்டையை மறைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் வேர்த்தால் அது நெற்றியில் இறங்கிவிடும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கொட்டகையில் கூட வேலை செய்யும் இரண்டு பேரைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார். சாம்பார் சோற்றைப் பிசைந்த அவர் விரலில் நீளமாக ஒரு முடி வந்தது. மற்றவர்கள் பார்க்காத மாதிரி ஓரமாகப் போட்டிருக்கலாம். அவர் இலையைத் தள்ளிவிட்டார்.

"தெனம் இதே பேஜாரு. இது சோறா, மசுரா?"

வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் காலை வண்டிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

 அம்மா என் தலையைப் பார்த்தவுடன் பரணிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து நான் சீவிப் போட்ட முடியையெல்லாம் அதில் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் அதைக் கடைத்தெருவில் சவுரி கட்டுகிறவளிடம் கொடுத்தோம். சவுரி என்பது சடையோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் பொய்முடி. என்னுடையதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. என் சொந்த முடிதான், என் தலையில் இல்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே விழுப்புரத்திலிருந்து கார்டு வந்தது. மாமியார் யாரையோ விட்டு எழுதியிருந்தாள். தன் மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, விஷக்காய்ச்சல், உடனே புறப்பட்டு வரவும் என்று இரண்டே வரி. நேரில் வந்து கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு அவர் அம்மாவை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பாதிகூட நம்பவில்லை. ஆனாலும் சவுரி வரட்டும், பழைய சடையோடு போய் அவர் முன்னால் நிற்கலாம் என்று நாலு நாள் இருந்துவிட்டேன். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர்.

ஐந்தாம் நாள் நான் போனபோது அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. முடி கொட்ட வைக்கும் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். அவர் தலையில் ஒரு முடிகூடக் குறையவில்லை. மாமியார் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு வளவனூருக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்குப் புறப்பட்டாள். ஏன் உடனே வரவில்லை என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் என்னோடு வேண்டியதற்கு மட்டும் பேசினார். சோறு போடு, தண்ணி எடு, கதவைச் சாத்து. புதுச் சடையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதைப் பின்னிக்கொண்டு நான் அந்த வீட்டில் நடமாடினேன்.

அப்புறம் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாமியார் அழைக்க வந்தாள்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்துடு. வூட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் நானே எண்ண தேச்சி, தல முழுவ வெச்சி, பூ வெச்சிப் பின்னி வுடணும்."

 அந்தக் கையால்தான் முன்பு என் சடையைப் பிடித்துப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் கூடியிருக்க அவள் கையில் சவுரி கழன்று வந்தால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருக்கும்? சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"அத்த, நான் மயிலத்துக்கு முடி வேண்டிக்கினு இருக்கேன். இன்னும் செலுத்தல."

"இன்னாத்துக்கு வேண்டிக்கின?"

"அவங்களுக்கு ஜொரம்னு கார்டு வந்துச்சே, அன்னிக்குத்தான்."

மாமியார் முகம் மாறிவிட்டது. "சாமிக்குச் சொன்னத வெச்சிக்கினு ஒரு வருசமா சும்மாவா குந்திக்கினு இருந்த? கல்யாண வூட்டுல ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? ஜல்தியா போய்க் குடுத்துட்டு வா."

நான் நினைத்தது இதைத்தான். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுவார்கள், சொட்டைத் தலையைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். ஆனால் நான் நினைக்காத ஒன்றும் நடந்தது. கிணற்றடியில் கரி போகக் கைகழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதிலும் இது விழுந்திருக்கிறது. அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "நீ சாப்டியா?" என்றார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. நான் குழம்பை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

"கிருத்திகைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார்.

மயிலம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. ரயிலில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து மலையடிக்குப் போனோம். சவுரியை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, இருக்கிற முடியைக் கொண்டை போட்டு, அது தெரியாதபடி கனகாம்பரத்தை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன். வழியெல்லாம் பிள்ளையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நான் எத்தனை புத்திசாலி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை போடுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பூவ எடுத்துட்டு, முடிய அவுத்து நல்லா நனைச்சிக்கினு வாங்கம்மா."

யாரும் யோசிக்கக்கூடிய விஷயம், நான்தான் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளையோடு தேங்காய் வாங்கப் போயிருந்தார். வருவதற்குள் முடித்துவிடலாம் என்று குளத்தில் அவசரமாக முழுக்குப் போட்டு எழுந்தேன். ஈரத்தில் முடி இன்னும் குறையும். படியேறித் திரும்பினால், தேங்காயும் பிள்ளையுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். நல்ல வெயில். உச்சி மண்டை முழுக்கத் தெரிந்திருக்கும். மறைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்து, விட்டுவிட்டேன்.

பிள்ளையைப் படியில் இறக்கிவிட்டார். பிறகு கேட்டார்.

"இது எப்போலருந்து?"

"போன வருசத்துலருந்து."

"நான் படுத்துக்கினு இருந்தப்பவா?"

நான் ஈர முந்தானையைப் பிழிந்தேன்.

"நீ வரலயேன்னு ஒவ்வொரு வண்டிக்கும் காது வெச்சிக்கினு கெடந்தேன். மனசுக்குள்ள உன்ன எவ்ளோ பேசியிருப்பேன் தெரியுமா? நீ அங்க கவலப்பட்டுப் பட்டு, முடியெல்லாம் கொட்டி, இப்டி ஆயிக்கினு இருந்திருக்க." தேங்காயைக் கீழே வைத்தார். "அன்னிக்கு சோத்துல மசுருன்னு வேற கத்துனேனே."

அப்போது சொல்லியிருக்கலாம். சவுரிக்காகத்தான் நாலு நாள் தங்கினேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கலாம். அந்த ஒரு வருஷத்தை நினைத்தேன். திரும்பவும் சோறு போடு, தண்ணி எடு என்று அவர் ஆரம்பிப்பதை நினைத்தேன்.

"ஆமாங்க" என்றேன்.

மொட்டையும் சந்தனமுமாகக் கல்யாணத்துக்குப் போனேன். மாமியார் எல்லாருக்கும் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். முடி மறுபடி வளர்ந்தது, முன்பு இருந்த அதே லட்சணத்தில். சவுரியை நான் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

உலக யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தான். எத்தனை நாளைக்குத்தான் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது என்று தோன்றி, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் என் பின்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எந்த ஆண்பிள்ளையும் செய்யாத வேலை. மண்டை தெரிகிற இடத்தில் வலிக்குமோ என்று விரல் நுனியால் மெல்லத் தடவினார்.

"இன்னா, சொல்லு" என்றார்.

"எண்ண சூடு கம்மியா இருக்குதுங்க" என்றேன். எழுந்து போய்ச் சுடவைத்துக்கொண்டு வந்தார்.