குசினிச் சுவர்

புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இருந்தவர்கள் அப்பா, சித்தப்பா, அத்தை, அக்கா, நான். இல்லாதவர் அம்மா. யாருக்காக அந்தப் பால் காய்ச்சப்படுகிறதோ அவரே இல்லாமல் ஐந்து பேர் ஒரு புது அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

வீடு காப்பார் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். கொத்தனார் வைத்துக் கட்டக் கையில் பணம் இல்லாததால், சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் தானே கட்டினார். நானும் அக்காவும் தண்ணீர் தூக்கினோம், சண்டை போட்டோம், சில சமயம் செங்கல்லும் தூக்கினோம். அம்மா வரமாட்டார். அவர் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் செங்கல் வந்தது. ஆக, செங்கல்லுக்காக வேலைக்குப் போனவர் அந்தச் செங்கல் என்னவாக எழும்புகிறது என்று பார்க்கவே இல்லை.

அப்பாவிடம் வரைபடம் எதுவும் கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை என்றார். இருபது வருடமாகக் கண்டெய்னர் இழுத்தவர் அவர். நாற்பது அடி என்றால் அவருக்கு உடம்பிலேயே தெரியும். இரண்டு கண்டெய்னரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவுதான் வீடு. சித்தப்பாவும் லோரிக்காரர்தான். அவருக்கும் அது மிகச் சரியான அளவாகவே பட்டது. நூல் பிடித்து, சுவர் எழுப்பி, கூரைத் தகரமும் போட்டார்கள். முன்பக்கம் கதவும் இரண்டு ஜன்னல்களும். அறைகளுக்கு உச்சியில் காற்று வர ஓட்டைக்கல். பின்பக்கம் முழுச் சுவர். கண்டெய்னருக்குக் கதவுக்கு எதிர்ப்பக்கம் திறப்பு எதற்கு? இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

கூரை போட்ட பிறகு, பால் காய்ச்சுவதற்கு இரண்டு வாரம் முன்பு, அம்மா முதல்முறையாக வீட்டைப் பார்க்க வந்தார். அப்பா குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா முன்னறையைப் பார்த்தார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். குசினிக்குப் போனார். அங்கே நின்றவர் திரும்பி வரவே இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது பின்சுவரில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் எங்க?"

அப்பா அண்ணாந்து ஓட்டைக்கல்லைக் காட்டினார். புகை போக ஃபேன் ஒன்று மாட்டிவிடலாம் என்றார்.

"நான் பொகையக் கேக்கல. ஜன்னல் எங்கன்னு கேட்டேன்."

அப்பால என்னா இருக்கு பாக்கறதுக்கு, வெறும் செம்பனதான் லா என்று சித்தப்பா சமாதானம் சொல்லப் போய், அம்மாவின் பார்வையைக் கண்டதும் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார். அம்மா சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. இந்தக் குசினியில் நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த இரண்டு வாரமும் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த வாடகை ஃபிளாட்டில் சோறு நேரத்துக்கு வந்தது. பேச்சுதான் வரவில்லை. சுவரை உடைத்தால் மேலே பீம் இறங்கிவிடும் என்று அப்பா அக்காவைப் பார்த்துச் சொல்வார். இறங்கட்டும் என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்வார். நான் அப்பா பக்கம். ஒரு ஜன்னலுக்காக இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு எரிச்சல். முன்னால்தான் இரண்டு இருக்கின்றனவே.

நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை. அம்மா விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டிருந்தார். வீட்டுப் பொம்பளை இல்லாமல் எப்படி என்று அத்தை முணுமுணுத்தார். பேசாமல் நானே ஊற்றிவிடட்டுமா என்றும் கேட்டார். பதினொன்றேகாலுக்கு அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு, லோரியிலிருந்து சம்மட்டியை எடுத்து வரச் சொன்னார்.

"அண்ணே, நல்ல நேரத்துல வீட்ட இடிக்கப் போறீங்களா?"

"நல்ல நேரத்துலதான்டா இடிக்கணும்."

பீமுக்கு இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு முதல் அடி அடித்தார். அத்தை பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். சித்தப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் பறந்தார். அங்கே கேட்டில் வெகுநேரம் காத்திருந்து, சூப்பர்வைசரிடம் கெஞ்சி அம்மாவை வெளியே அழைத்து, அண்ணன் சுவரை உடைக்கிறார் என்று சொன்னாராம். அம்மா கேட்டது ஒன்றுதான்: கூரைக்குக் கீழே நின்றா உடைக்கிறார்?

அம்மா வந்து சேர்ந்தபோது மணி ஐந்தாகப் போகிறது. தலையில் வலைத் தொப்பி அப்படியே இருந்தது. முதலில் அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூள், ஆள் முழுசாக இருந்தார். அதற்குப் பிறகுதான் ஓட்டையைப் பார்த்தார். கோணலாக, பல் உடைந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. அதற்குப் பக்கத்தில் போய் நின்று எக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கல்லு எறக்குங்க. நான் என்ன ஒங்க ஒசரமா?"

அப்பா மறுபேச்சில்லாமல் சம்மட்டியை எடுத்தார். அம்மா செங்கல் தூளை ஒதுக்கி அடுப்பை வைத்தார். இப்போது ராகு காலமாயிற்றே என்று அத்தை பதறினார்.

"பாலுக்கு மணி பாக்கத் தெரியாது, அண்ணி. ஊத்துங்க."

பொங்கியது. ஓட்டை வழியே அப்போது தெரிந்தது சித்தப்பா சொன்னதுதான். வெறும் செம்பனை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதைப் பார்க்கத்தானா இவ்வளவும் என்று நான் நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். முதல் செமஸ்டர் விடுமுறையில் கைச்செலவுக்காக அம்மாவின் தொழிற்சாலையிலேயே மூன்று வாரம் வேலை பார்த்தேன். இருட்டோடு உள்ளே போய் இருட்டில் வெளியே வருவோம். நான்கு பக்கமும் சுவர், மேலே குழல் விளக்கு. வெளியே மழை பெய்ததா என்று தெரிய வேண்டுமானால், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களின் தலை நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. ஷிப்டின் நடுவில் கிளம்பிப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. அந்த மாதத்து முழு வருகைக்கான படியும் போய்விடும். அம்மா இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஜன்னல் சட்டம் அறுபது, சிமெண்டும் மணலும் முப்பத்தைந்து, ஆக வெறும் தொண்ணூற்றைந்து வெள்ளியில் ஜன்னல் போட்டேன் என்று அப்பா இன்றும் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். அம்மா டீ ஊற்றிக்கொண்டே தலையாட்டுவார். அம்மாவின் அன்றைய சம்பளம் எழுபது, படி எண்பது. எல்லாம் சேர்த்து அந்த ஜன்னல் இருநூற்று நாற்பத்தைந்து வெள்ளி.