ஜபருல்லா அண்ணன் கழற்றிய பேட்டரி

ஜபருல்லா அண்ணன் அன்றைக்கு ஏன் என்மேல் கோபப்படவில்லை? இருபது வருடமாக யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே புளி போட்டுப் பித்தளை தேய்க்கும் வாசனை நாள் முழுக்க மேலே ஏறி வரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், நான், என்னைவிட நாலு வயது சின்னவனான சேகர்... அவ்வளவுதான் கம்பெனி.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு குட்டி டேட்டாபேஸ் லைப்ரரி. தனியாக சர்வர் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். ஆப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், தகவல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலைப் போனிலும் திறக்கலாம், கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். பெரிய டேட்டாபேஸ் எதுவும் அப்போதைய போனுக்குள் அடங்காது, அதனால் நாங்களே எழுதினோம்.

கரண்ட் போகும் நேரம் பார்த்து யுபிஎஸ்ஸைக் கழற்றிவிடுவோம். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணையட்டும் என்று காத்திருப்போம். கரண்ட் வந்ததும் திறந்து எண்ணினால் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஆட்கள் அந்தத் தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போனில் மட்டும் நான் ஒரு வேலை செய்திருந்தேன். மெமரி கார்டில் ஒரு பதிவை எழுத மூன்று விநாடி பிடித்தது. அதனால் பத்துப் பதிவு சேர்ந்த பிறகு மொத்தமாக எழுதும்படி வைத்தேன். போனை முறையாக அணைத்தால் மீதியையும் எழுதிவிட்டுத்தான் அணையும். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்பது மட்டும் உடனுக்குடன் வந்துவிடும்.

"பறக்குதுக்கா" என்றான் சேகர். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் வாங்கியவர்கள் ஒரு சிறிய விதைநெல் கம்பெனி. விவசாயிகளின் வயலில் விதைக்காக நெல் வளர்ப்பார்கள். கதிர் வரும் சமயம் ஒருவர் வயலில் இறங்கி, பதினைந்து இடத்தில் வேறு ரகச் செடி எத்தனை கலந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணிப் பதியாத வயலின் நெல் விதையாகாது, ஆலைக்குப் போய்விடும்.

எண்ணி, இடத்துக்கு ஒரு பதிவாகக் கம்பெனி கொடுத்த போனில் ஏற்ற மூன்று பேர். அதில் ஒருவர் ஜபருல்லா அண்ணன். வளைகுடாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரிலேயே ஒரு வேலை கிடைத்ததே என்று வந்து சேர்ந்திருந்தார்.

ஒரே வாரத்தில் புகார் வந்தது. மற்ற இருவரின் பதிவு சரியாக இருக்கிறது. இவர் பார்த்த ஆறு வயலிலும் பத்து இடத்தோடு நிற்கிறது.

விதைக் கம்பெனி மேனேஜர் அண்ணனையும் என்னையும் சேகரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பத்து எடம் எண்ணுனதும் வரப்புல நெழல் தேடிடுறீங்க போல, பாய்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மெஷின் விட்டிருக்குமா மேடம்?"

"மெஷின் விடாதுங்க சார்" என்றேன்.

பத்து என்ற எண்ணை எழுதியதே நான்தான். அது எனக்கு உறைக்கவில்லை. எதையும் சட்டென்று நம்பமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு... என் புரோகிராமை மட்டும் நம்பியிருக்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "பதினஞ்சும் எண்ணுனேங்க" என்றார். கையில் இருக்கும் வயலை முடித்துவிட்டுப் போனை ஒப்படைக்கச் சொன்னார் மேனேஜர். அதோடு வேலையும் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை நான் வயலுக்குப் போனது மனசாட்சி உறுத்தி அல்ல. போனை வாங்கி வரத்தான் போனேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது இடத்தையும் எண்ணினார், அழுத்தினார், 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்த நொடி போனைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கட்டையக் கழட்டி வச்சாத்தானே மேடம் சார்ஜ் நிக்கும்? டார்ச்சுக்குச் செய்யிறதுதானே."

எங்கள் வீட்டிலும் டார்ச்சை அப்படித்தான் வைத்திருந்தோம். தெரியாத பழக்கமில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அத்தனை தடவை சோதித்த எனக்கு, ஒருவர் தானாகவே பேட்டரியைக் கழற்றுவார் என்று தோன்றவில்லை.

பேட்டரியை வாங்கிப் போட்டுத் திறந்தேன். பத்துதான் இருந்தது. மீதி ஐந்து கார்டில் ஏறவேயில்லை.

"தப்பு எம்மேலண்ணே" என்றேன். அவர் வரப்பில் ஏறிக் காலைக் கழுவிக்கொண்டே, "கதிர் முத்திரும் மேடம். நாளைக்கே எல்லாத்தையும் திரும்ப எண்ணிடணும். வர்றீங்களா?" என்றார். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் வேலை நிலைத்தது. மதியமே புரோகிராமை மாற்றினேன். ஒவ்வொரு பதிவும் கார்டில் ஏறிய பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். சேகருக்கு அந்த மூன்று விநாடி பிடிக்கவேயில்லை.

இப்போது இந்த மாதிரி லைப்ரரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்களுடையதை யாரும் பயன்படுத்துவதில்லை. என் போனில் பேட்டரியைக் கழற்றவே முடியாது. நான் எழுதும் புரோகிராமை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. அன்றைக்குத் தெரியும்... ஸ்கூட்டியில் இருபது நிமிடம் போனால் அவர் வரப்பில் நிற்பார்.

புரோகிராமை மாற்றிய மறுநாள் நடந்தது இதுதான். ஏழு வயல் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று விநாடி காத்திருந்தார். ஒவ்வொரு வயல் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றினார், நானும் தடுக்கவில்லை. நூற்றைந்து பதிவும் இருந்தது. வழியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்திருந்தார். எல்லாவற்றையும் அதிலும் எழுதினார். கடைசியில் அதை என்னிடம் நீட்டி, போனில் இருப்பதோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார்.

வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன்.