சுண்டுவிரலுக்கு உரியது

தாளைச் செருகி உருளையைத் திருகியதும் பாஞ்சாலை முதலில் ஒரு வரி அடிக்கிறார்: ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப், செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் படியேறிய எல்லோருக்கும் இதுதான் முதல் பாடம். பாதி ஜில்லா இந்த வரியை அடித்திருக்கும். அந்தச் செமிகோலன் எதற்கு என்று கேட்டால் பாதி ஜில்லாவும் மோட்டுவளையைப் பார்க்கும். பாஞ்சாலை பார்க்க மாட்டார். ஆரணி கோர்ட்டுக்கு எதிரே, டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் மேசை போட்டு, மனுக்களும் பத்திரங்களும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கிறார். கெட்டிக்காரி, கோபக்காரியும்கூட.

வலது கையில் சுண்டுவிரல் அவருக்குப் பாதிதான். அரிசி மில்லுக்குக் கூலிக்குப் போன வயதில் பெல்ட் இழுத்துக்கொண்டது. புண் ஆறியதும் நேராக இன்ஸ்டிடியூட்டில் போய் நின்றார். அதை நடத்திய தசரதன் நல்ல மனிதர், அதனால்தான் அப்படி ஒரு யோசனை சொன்னார். செமிகோலன் சுண்டுவிரலுக்கு உரிய கீ, அதை விட்டுவிட்டு அடி, கொஞ்சம் தப்பு விழுந்தாலும் பாஸாகிவிடலாம் என்றார்.

"பி எழுத்தும் அதே வெரலுதானே சார். அதயும் வுட்டுட்டா எம்பேர எப்படி அடிக்கிறது?" என்று கேட்டாராம் பாஞ்சாலை. முதல் பரீட்சையில் வேகம் போதாமல் ஃபெயில், அடுத்ததில் பாஸ். இரண்டிலும் ஒரு செமிகோலனைக்கூட விடவில்லை என்பதில் பாஸானதைவிட அவருக்குப் பெருமை அதிகம்.

அவர் அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செமிகோலன் வரும் இடத்தில் அந்த அரை விரல் எட்டாத கீயை நோக்கிக் காற்றில் ஒரு குத்துக் குத்தும். பழக்கம் விடவில்லை. அதற்குப் பிறகே மோதிர விரல் தன் இடத்தை விட்டு நகர்ந்து வந்து வேலையை முடிக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முகூர்த்தத்தைப் பார்க்கும் முன் ஆங்கிலப் பக்கத்தில் காமாவைத் தேடுவார். இல்லாத இடத்தில் பேனாவால் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை யாரென்று படிப்பார்.

ஏம்மா, தாளெல்லாம் கொசு மொய்த்த மாதிரி இருக்கிறதே என்று கேட்கும் கட்சிக்காரர்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார். "காமான்னா, பஸ்ஸு கைகாட்டுற எடத்துல நின்னு ஆள ஏத்திகினு போறது. செமிகோலன்னா பஸ் ஸ்டாண்டு. டிரைவர் எறங்கி டீ குடிச்சிகினு இருப்பாரு, ஆனா அதே பஸ்ஸுதான், நீ எறங்கத் தேவயில்ல. ஃபுல் ஸ்டாப்புன்னா எறங்கிக்கோ." கோலன்? "அது கண்டக்டர் விசிலு. இதோ வருதுன்னு அர்த்தம்."

முன்பெல்லாம் அவர் மேசை எதிர்ப்பக்கம், வக்கீல் ராமதாஸின் வராந்தாவில் இருந்தது. நிழல், மழைக்கு ஓட்டுக்கூரை, தேடி வரும் கட்சிக்காரர்கள். அந்த இடத்தை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. ஒருநாள் முள்ளிப்பட்டிலிருந்து பச்சையப்பன் என்கிற நெசவாளி வந்தார். தறி போட்டிருக்கும் அறையின் சுவரை இடிக்க அண்ணன் ஆள் கூட்டி வருகிறான், உடனே தடை வாங்க வேண்டும் என்றார். வக்கீல் எழுதிய மனுவில் குடும்பச் சொத்து அத்தனைக்கும் நான்கெல்லை விவரம், எல்லாம் காமாவாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாஞ்சாலை ஒவ்வொரு எல்லைக்கும் செமிகோலன் வைத்துப் பிரித்து அடித்தார். அடித்து முடிப்பதற்குள் மனு வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மறுநாள்தான் போட முடிந்தது. சுவர் தப்பியது என்னவோ அண்ணனுக்கு ஆள் கிடைக்காததால்தான். பாஞ்சாலைமேல் தப்பில்லை என்று நான் மழுப்பப் போவதில்லை, அவரும் மழுப்பவில்லை. பச்சையப்பனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

வக்கீலுக்கு அது போதவில்லை. "எல்லாத்துக்கும் காமாவே போட்டு ஜல்தியா முடி. இல்லன்னா திங்கக்கிழமலேருந்து வேற எடம் பாத்துக்கோம்மா."

"லேட்டானது என் தப்பு. இனிமே வெள்ளன வந்து அடிக்கிறேன்," என்றார் பாஞ்சாலை. "ஆனா வெரலத்தான் மில்லு எடுத்துகிச்சி சார். அந்தக் கீய நான் யாருக்கும் குடுக்கல."

திங்கட்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே டிரைசைக்கிளில் மேசையை ஏற்றி, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டார். முதல் மழைக்காலம் பெரும் பேஜாராகப் போயிற்று. வேலை பாதிக்குப் பாதி குறைந்தது. தார்ப்பாய் ஒழுகும் பக்கம் தன் முதுகைக் கொடுத்து மெஷினைக் காப்பாற்றினாரே தவிர, வராந்தா பக்கம் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது வராந்தாவில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போன வாரம் என் மனுவுக்காகத் தார்ப்பாயின் கீழே காத்திருந்தேன். மத்தியானம் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் ராமதாஸே கையில் எழுதிய தாள்களோடு வெயிலில் நடந்து வந்தார். ஜன்னல் சாத்தும் நேரம், காமாவே போதும், சீக்கிரம் என்றார். பாஞ்சாலை தாளை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளைக் கார்பனோடு செருகினார். மழை மாதிரி அடித்துக்கொண்டே போனார். நான்கெல்லை விவரத்தில் முதல் எல்லை முடியும் இடம் வந்தது. கை நின்றது. நிமிர்ந்து வக்கீலின் முகத்தைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே அரை விரல் காற்றில் ஒரு குத்துக் குத்தியது. மோதிர விரல் நகர்ந்து வந்து கீயை அடித்தது.